சத்தம் நின்றுவிட்டது

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நெருக்கிக்கொண்டே போகிறது. அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழுந்துவிட வேண்டும். உச்சியைத் தொட்ட பிறகு விழுந்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தீ ஒரே கணத்தில் எல்லா இடத்திலும் பற்றுவதில்லை. பிளக்கின் நுனியில் பிறந்து சிலிண்டரின் மறுபக்கம் வரைக்கும் அது பரவ வேண்டும். பரவ நேரம் வேண்டும். அந்த நேரத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் பொறியைச் சற்று முன்னால் விழச் செய்வதுதான் இக்னிஷன் டைமிங். கணக்குச் சரியாக இருந்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும்போது தீயின் முழு அழுத்தமும் அதன் தலைமேல் இறங்கும். வண்டி இழுக்கும்.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு நேரத்தின் மிகச் சிறிய அளவு என்றதும் மாத்திரைதான் நினைவுக்கு வரும். இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் வைத்து தொல்காப்பியம் அதை வரையறுத்தது. எஞ்சினின் கணக்கு அதைவிட மிகச் சிறியது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 100 பொறிகள் விழுகின்றன. ஒரு பாகை நகர்வதற்கு விநாடியில் 18,000இல் ஒரு பங்கு. ஒருமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபது முப்பது பொறிகள் விழுந்து முடிந்திருக்கும். இதில் ஐந்தாறு பாகை பிசகினாலும் வண்டிக்குத் தெரியும். வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும், அவர்கள் சொல்வதை யாராவது காதில் வாங்கினால்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா 1984இல் வாங்கிய அம்பாசடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான வண்டி அம்பாசடர். அப்பா போன பிறகு விற்றுவிடலாம் என்றான் தம்பி. அம்மா வேண்டாம் என்றாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அதன் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். வண்டியின் எந்தப் பாகத்துக்கும் அவளுக்குப் பெயர் தெரியாது. எந்தச் சத்தம் புதுசு என்று தெரியும்.

சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் உறவினர் வீட்டுக்கு மாதம் ஒன்றிரண்டு முறை போவோம். தொப்பூர் கணவாயில் அந்தத் திசையில் போகும்போது ஏற்றம். "கண்ணு, ஏத்தத்துல சில்லறக் காசக் குலுக்குனாப்ல ஒரு சத்தம் வருது பாரு. எறக்கத்துல வரல. ஊருக்குள்ளயும் வரல" என்றாள் அம்மா. இதைவிடச் சரியான புகாரை எந்த மெக்கானிக்கிடமும் யாரும் சொல்லிவிட முடியாது. சத்தம் எப்படிப்பட்டது, எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, மூன்றும் அதில் இருந்தன. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வதை அவள் சில்லறைக் காசு என்றாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?" அம்மா சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். சமதளமான தெரு, காலி வண்டி. "ஒண்ணும் சத்தம் இல்லீங்களே" என்றார். பிறகு, நீங்கள் ஏற்றத்தில் கியர் மாற்றாமல் டாப்பிலேயே ஓட்டியிருப்பீர்கள் என்றார். மூன்றாவது கியரிலும் வருகிறது என்றேன். "சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதானேங்க?" பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கையால் ஒரு கடுகளவு திருப்பி, மறுபடி இறுக்கினார். ஐந்து நிமிட வேலை. பாயிண்ட்டைத் திறந்து பார்க்கவில்லை. டைமிங் லைட் எடுக்கவில்லை. அடுத்த முறை தொப்பூரில் சத்தம் வரவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அவர் செய்தது டைமிங்கை ரிட்டார்ட் செய்வது, அதாவது பொறியைத் தாமதமாக விழவைப்பது. நாக்கிங் என்பது என்ன? பொறி அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால், பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே தீயின் அழுத்தம் எழும். ஏறும் பிஸ்டனின் நெருக்கமும் தீயின் நெருக்கமும் சேர்ந்து, சிலிண்டரின் மூலையில் இன்னும் தீ எட்டாமல் இருக்கும் மிச்சக் கலவையைச் சூடாக்கும். ஒரு கட்டத்தில் அது தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானே வெடிக்கும். அந்த வெடிப்பின் அதிர்வு உலோகத்தில் மோதும் ஓசைதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனின் தலையே அரிக்கப்படும். பொறியைத் தாமதப்படுத்தினால் அழுத்தம் குறையும், மிச்சக் கலவை வெடிக்காது, சத்தம் நிற்கும். இதெல்லாம் உண்மை.

ஆனால் தாமதமான பொறிக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் வெகுவாகக் கீழிறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டே இருக்கும். தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாத அந்தத் தீ வேறெங்கும் மறைந்துவிடாது, சூடாக மாறும். பாதி எரிந்த நிலையில் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி வெளியே போகும். வால்வு சுடும், சைலன்சர் குழாய் சுடும், தண்ணீர் சுடும். இழுவை போகும். ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துவார். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எங்கள் வண்டியிலும் இதுதான் நடந்தது. டெம்பரேச்சர் முள் முன்பெப்போதும் போகாத இடத்துக்குப் போனது. மூன்றாவதில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கியர் கேட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது.

இரண்டாவதாகப் போன இடத்தில், "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிளக் மாற்றினார்கள். அடுத்தது ரேடியேட்டர் என்றார்கள். சத்தம் வந்தபோது அது ஒரே ஒரு குறையாக இருந்தது. சத்தத்தை அடக்கிய பிறகு அது சூடு, இழுவை, பெட்ரோல், வெடிப்பு என்று நான்கு தனித்தனிக் குறைகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, படபடப்புக்கு ஒரு மாத்திரை என்று பையில் வைத்துக்கொண்டு அலையும் என் வயதுப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். அனுசரித்துப் போ என்று சொல்லப்பட்டிருக்கும்.

"சார் வரலீங்களா" என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 106 கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் சென்றார். மோட்டார் காரின் முதல் நெடும்பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். இக்னிஷன் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, காலுறையை இறுக்கும் பட்டியால் அதைச் சுற்றிக் கட்டினார். இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும் சிரிப்போடு சொல்லப்படுகின்றன. எங்கே குத்த வேண்டும், எந்தக் கம்பியில் கசிகிறது என்று நடுவழியில் நின்றுகொண்டு கண்டுபிடித்த அறிவு அந்தச் சிரிப்பில் காணாமல் போய்விடுகிறது. கையிலிருந்த பொருள் பெண்ணுடையது என்பதால் கண்டுபிடிப்பு ஒரு சமயோசிதமாகச் சுருங்கிவிட்டது.

நாக்கிங் சத்தத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது இன்னும் கொடியது. 1910களில் அமெரிக்கக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் வந்தபோது, இந்தத் தட்டலுக்கு அதுதான் காரணம் என்று பழி வந்தது. பெட்ரோலில்தான் கோளாறு என்று காட்ட விரும்பினார் அவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சில துளிகள் பெட்ரோலில் சேர்த்தால் தட்டல் நின்றுவிடும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரியும். ஆனால் விற்பனைக்கு வந்தது ஈயம். 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை. 1924இல் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள்.

1925 மே மாதம் வாஷிங்டனில் இதைப் பற்றி அரசு ஒரு கூட்டம் கூட்டியது. அங்கே ஈயம் வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒருவர் ஆலிஸ் ஹாமில்டன். தொழிற்சாலைகளில் ஈயம் மனித உடலை என்ன செய்கிறது என்பதைத் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டு ஆராய்ந்த மருத்துவர். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நியமித்த முதல் பெண் ஆசிரியர். ஆசிரியர்கள் கிளப்புக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கிடையாது என்ற நிபந்தனைகளோடு வேலைக்குச் சேர்க்கப்பட்டவர். ஈயம் புழங்கும் இடத்தில் இன்றோ நாளையோ ஈய நஞ்சும் வந்தே தீரும் என்பது அவருடைய அனுபவம். அதைச் சொன்னார். அடுத்த ஆண்டே ஈயப் பெட்ரோல் மறுபடி விற்பனைக்கு வந்தது. எஞ்சின்கள் அமைதியாக ஓடின. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல். அதாவது, 1984இல் வாங்கிய எங்கள் வண்டி தன் முதல் பதினைந்து வருஷமும் ஈயத்தைத்தான் குடித்தது. அதன் புகையைத்தான் நாங்கள் சுவாசித்தோம். ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக உலகம் ஏறத்தாழ நூறு வருஷம் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது. எச்சரித்த குரலையும் நாக்கிங் சத்தத்தைப் போலவே நடத்தியது.

எங்கள் வண்டியின் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டதற்கு ஒரு காரணம், கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர். கடையை மூடிவிட்டவர், வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு யோசனை சொல்வார். அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "எப்பங்க வருது?" அம்மா பதில் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னிடம், எந்த கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடான பிறகா சூடாவதற்கு முன்பா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், எந்த பங்கில் போட்ட பெட்ரோல் என்று ஒரு மாதம் எழுதி வரச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார். "சத்தம் வரட்டுங்க. அது வந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். மெதுவா ஓட்டுங்க, முக்க வெக்காதீங்க" என்றார்.

எழுதினேன். வேறு வேறு பங்குகளில் பெட்ரோல் போட்டும் மாற்றமில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவதிலோ டாப்பிலோ, 40க்கும் 50க்கும் நடுவே, ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தும்போது மட்டும் வருகிறது. சமதளத்தில் அதே வேகத்தில் வரவில்லை.

"பாயிண்ட்டைப் பாக்காம டைமிங்கத் தொடக்கூடாதுங்க" என்பது அவருடைய முதல் விதி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நான்கு முனை கொண்ட ஒரு கேம் சுற்றுகிறது. ஒவ்வொரு முனையும் பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும். திறக்கும் கணத்தில் காயிலிலிருந்து மின்சாரம் பாய்ந்து பொறி விழும். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறுகும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். எங்கள் புகார் அதற்கு நேர்மாறு. பொறி முந்திக்கொண்டு விழுகிறது. இருந்தாலும் ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து நான்கு முனையிலும் அளக்கச் சொன்னார். நான்கிலும் ஒரே அளவு. ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடும், ஒரு முனையில் ஓர் அளவும் இன்னொன்றில் வேறளவும் காட்டும். அது இல்லை என்று தெரிந்தது.

பொறி எவ்வளவு முந்த வேண்டும் என்பது எல்லா வேகத்துக்கும் ஒன்றல்ல. தீ பரவ எடுக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அதே நேரத்துக்குள் பிஸ்டன் அதிக தூரம் போய்விடுகிறது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியும் இன்னும் முன்னால் விழ வேண்டும். இதைச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று வாக்குவம்: ஆக்சிலரேட்டர் லேசாக இருக்கும்போது எஞ்சினின் உறிஞ்சும் விசை ஒரு சவ்வை இழுத்துப் பாயிண்ட் தட்டை நகர்த்தும். மற்றது, அடியில் இருக்கும் இரண்டு எடைகள்: வேகம் கூடும்போது அவை வெளியே விரிந்து கேமை முன்னால் தள்ளும். அவை கண்டபடி விரிந்துவிடாமல் இரண்டு சிறிய ஸ்பிரிங்குகள் பிடித்துவைத்திருக்கும்.

வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். தட்டு நகர்ந்தது. நாக்கால் குழாயை அடைத்தேன்; தட்டு நகர்ந்த இடத்திலேயே நின்றது. சவ்வில் ஓட்டையில்லை. பிறகு குழாயைக் கழற்றி, வாயை ஒரு திருகால் அடைத்துவிட்டுத் தொப்பூர் ஏறினோம். சத்தம் இருந்தது. வாக்குவமும் காரணமில்லை. மிஞ்சியது எடைகளும் ஸ்பிரிங்குகளும்.

டைமிங் லைட் என்பது துப்பாக்கி வடிவத்தில் ஒரு விளக்கு. முதல் சிலிண்டரின் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் அது மின்னும். சுற்றும் கிராங்க் புல்லியின் மேல் அதை அடித்தால், புல்லியில் உள்ள குறி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். குறி எண்ணெய்யிலும் அழுக்கிலும் மறைந்திருந்தது. துடைத்துவிட்டு, என் பையிலிருந்த சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினேன். ஆக்சிலரேட்டரை அழுத்த ஆள் வேண்டும். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஐடிலிங்கில் குறி இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். "இப்படியே பாத்துட்டு விட்டுட்டா ஒண்ணும் தெரியாதுங்க. அம்மா, கொஞ்சமா அழுத்துங்க" என்றார். வேகம் கூடக்கூடக் குறி படிப்படியாக நகர வேண்டும். நகரவில்லை, ஒரே தாவலாகத் தாவிக் கடைசிக்குப் போய்விட்டது. 3000 சுற்றிலோ அதற்கு மேலோ வர வேண்டிய அட்வான்ஸ் முழுவதும் வேகம் எடுத்த உடனேயே வந்துவிட்டது. கேப்பைக் கழற்றி ரோட்டாரை விரலால் முறுக்கிவிட்டார். சுண்டிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டிய ரோட்டார் பாதி வழியில் சோம்பி நின்றது. உள்ளே இரண்டு ஸ்பிரிங்குகளில் மெல்லியது நீண்டு தொய்ந்துபோயிருந்தது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அவர் சேர்த்துவைத்திருந்தவற்றிலிருந்து தேடிப் பொருத்தமான ஒன்றை எடுத்து மாட்டினார். பிறகுதான் டைமிங் வைத்தோம்.

நின்றுகொண்டிருக்கும்போது சோதித்தால் எல்லாம் சரி. சுமை ஏறும்போதுதான் பிழை. இதை அறிந்ததிலிருந்து வேறோர் இடத்தில் என் காது மாறியிருக்கிறது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லூரிகளில் அமைக்கப்படும் உள்ளகக் குழுவில் நான் இருந்திருக்கிறேன். அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் விவரங்களை வெளியிடத் தடைவிதிக்கிறது. சரியான தடை. எனவே எந்தப் புகாரைப் பற்றியும் இங்கே சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட அறைகளில் பேசப்படும் மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"நாங்களும் அவரோடு இருபது வருஷம் வேலை பார்க்கிறோம், ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். காலி வண்டியில் சமதளத் தெருவைச் சுற்றி வந்த சோதனை அது. "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்பார்கள். சட்டம் மூன்று மாதம் தருகிறது. தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க இடம் தருகிறது. தீ பரவ நேரம் வேண்டும் என்பதைச் சட்டம் ஓரளவுக்காவது அறிந்திருக்கிறது; அறையிலிருப்பவர்கள் அறியாததுபோல் கேட்பார்கள். சமரசம் பேசலாம் என்பார்கள். பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டால் மட்டுமே சமரசம் என்று 10ஆம் பிரிவு சொல்வதை நினைவூட்ட ஒருவர் வேண்டியிருக்கிறது. அதைவிட எளிதான வழி, அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கோ வேறு நெறியாளரிடமோ மாற்றிவிடுவது. விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால் அவளையோ எதிர்த்தரப்பையோ மாற்றலாம் என்கிறது சட்டம். நான் கேள்விப்பட்ட கதைகளில் நகர்ந்தது பெரும்பாலும் அவள்தான். அதன் பிறகு கோப்பில் ஒரு வரி வரும்: மேற்கொண்டு புகார் ஏதும் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் கடுகளவு திருப்பியது இதைத்தான். எஞ்சினுக்குள் எது தொய்ந்தது என்று பார்க்காமல், சத்தம் வராத இடத்துக்கு எல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டார். சூடு எங்கேயும் போகவில்லை. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போன பெண்ணிடம், நூலகத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட பெண்ணிடம், காரணம் தெரியாத தலைவலிக்கு மருந்து வாங்கும் பெண்ணிடம் அது இருக்கிறது. அது யாருடைய கணக்கிலும் புகாராக வராது. இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது பெரியவரின் கேள்வியைத்தான்: எப்போது? எந்த நேரத்தில், யார் யார் இருக்கும்போது, எந்த வேலை கையில் இருக்கும்போது, கையெழுத்து வாங்கப் போகும்போதா, விடுமுறை நாளில் அறைக்குக் கூப்பிடும்போதா? சுமை எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால்தான் எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

புது ஸ்பிரிங் மாட்டிய பிறகு வண்டியின் சூடு தணிந்தது. மூன்றாவது கியரில் தொப்பூர் ஏறியது. ஆனால் சித்திரை வெயிலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் ஓரிரு விநாடி மெல்லிசாய் அந்தச் சில்லறைக் காசு குலுங்கும். காலை லேசாக எடுத்தால் நின்றுவிடும். அதையும் நிறுத்த முடியாதா என்று பெரியவரைக் கேட்டேன். இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களுக்கு ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் கடைசி டைமிங் வைப்பார்களாம். பெரும் சுமையில் லேசாகத் தட்டத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மயிரிழை பின்னால் நிறுத்துவார்களாம். அதற்கும் பின்னால் போகப்போக இழுவை குறையும், சூடு ஏறும்.

"பெட்ரோல் வண்டி மேட்டுல லேசாக் கூடத் தட்டலீன்னா, நான் சந்தோசப்பட மாட்டேனுங்க. எவனோ கைய வெச்சு எதையோ அமுக்கி வெச்சிருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன்" என்றார்.